குழந்தை கேட்டா வாயைப் பொத்தாதீங்க

எந்தக் கல்யாணப் பந்தியிலயும் இதைப் பார்க்கலாம். எதிர் வரிசையில ஒரு பெரியவர். வலது கையில ரெண்டு விரல் இல்லை. மிச்சம் இருக்கிற மூணு விரல்லயே ரசஞ்சோத்தை ஒரு பருக்கை சிந்தாம வழிச்சுச் சாப்பிட்டுக்கிட்டிருப்பார் (அஞ்சு விரலும் இருக்கிற நமக்கு முழங்கை வரைக்கும் ஓடும், அதை விடுங்க). இந்தப் பக்கம் நாலு வயசு வாண்டு ஒண்ணு கண்ணு கொட்டாம அதையே பார்க்கும். பார்த்து முடிச்சதும் மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி ஒரு கேள்வி போடும். "அம்மா, அந்தத் தாத்தா விரல் எங்க போச்சு?" அவ்வளவுதான். மேசைக்கு அடியில தொடையில ஒரு கிள்ளு விழும். "ஷ்ஷ்! அப்படியெல்லாம் பார்க்கக் கூடாது. பேசாம அப்பளத்தைச் சாப்பிடு."

எனக்கு எரிச்சல் அந்தக் கிள்ளு மேலதான். மரியாதை சொல்லிக் கொடுக்கிறோம்னு நினைச்சுத்தான் அம்மா கிள்ளுறாங்க, சந்தேகமே இல்லை. ஆனா குழந்தைக்குப் போய்ச் சேர்ற பாடம் வேற. அந்த மாதிரிக் கை வெச்சிருக்கிறவங்களைப் பார்க்கவே கூடாது, பார்த்தா அடி விழும், அம்மாவே வாயால சொல்ல முடியாத அளவுக்கு அது ஏதோ பயங்கரமான சமாச்சாரம். இவ்வளவும் ஒரே கிள்ளுல உள்ள இறங்கிடுது. அடுத்த தடவை அந்தப் பிள்ளை கேட்காது. முகத்தைத் திருப்பிக்கும். நாமளும் "நம்ம பிள்ளைக்கு விவரம் வந்துடுச்சு"ன்னு சந்தோஷப்படுவோம். இதுதான் விவரமான்னு கேட்கத்தான் இந்தப் பதிவு. உடம்புல வித்தியாசம் இருக்கிறவங்களைக் குழந்தைகள் நல்லா பார்க்கட்டும், வாய் விட்டுக் கேட்கட்டும், நாம நேரா பதில் சொல்லுவோம். நான் சொல்ல வர்றது மொத்தமே இவ்வளவுதான். ஆனா இதைச் சொன்னதும் நாலு பேர் நாலு ஆட்சேபணையோட வருவாங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்லணும்ல, அதான் பதிவு கொஞ்சம் நீளம்.

மொதல்ல, குழந்தை பார்க்கிறது தப்பே இல்லை. வித்தியாசத்தைக் கவனிக்கிறதுதான் அந்த வயசுல மூளைக்கு முழுநேர வேலை. 2005-ல பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வுல, பிறந்த கைக்குழந்தைகளுக்கும் மூணு மாசக் குழந்தைகளுக்கும் பல இனத்து முகங்களைக் காட்டிப் பார்த்தாங்க. புதுசா பிறந்ததுங்க எல்லா முகத்தையும் ஒண்ணாத்தான் பார்த்துச்சு. மூணு மாசம் ஆனதுங்க மட்டும் தன்னைச் சுத்தி இருக்கிறவங்க ஜாடையில உள்ள முகத்தை அதிக நேரம் பார்த்துச்சு. மூணு மாசத்துக்குள்ள யாரும் அதுக்குத் துவேஷம் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. வெறும் பழக்கம். கண்ணுக்குப் பழகினது பிடிக்குது, பழகாதது புதுசா தெரியுது. அப்போ நம்ம கையில இருக்கிற கருவி என்ன? கண்ணைப் பழக்கிறதுதான். நாம என்ன செய்யறோம்னா, பழகப் போற கண்ணைப் பிடிச்சுத் திருப்பி விடறோம்.

இதுக்கு இன்னும் நேரடியான சான்று ஒண்ணு இருக்கு. 1976-ல எலன் லாங்கர்ங்கிற அமெரிக்க உளவியலாளரும் அவங்க கூட்டாளிகளும் ஒரு சோதனை செஞ்சாங்க. உடம்புல வித்தியாசம் உள்ளவங்களைப் பார்த்தா மத்தவங்க ஏன் தள்ளி உட்கார்றாங்கங்கிறது கேள்வி. அருவருப்பா, பயமா? லாங்கர் குழுவோட ஊகம் வேற. புதுசா ஒண்ணைப் பார்த்தா உத்துப் பார்க்கணும்னு ஆசை வரும், உத்துப் பார்க்கிறது அநாகரிகம்னு மனசு தடுக்கும், ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஆள் சங்கடப்பட்டு ஒதுங்கிடறான்னு நினைச்சாங்க. அதனால கொஞ்சம் பேருக்கு மட்டும், சந்திக்கப் போற ஆளை முன்கூட்டியே ஒருவழிக் கண்ணாடி வழியா ஆற அமரப் பார்க்க வாய்ப்புக் கொடுத்தாங்க. காலுக்கு இரும்புப் பட்டை போட்ட பெண், கர்ப்பிணிப் பெண், இந்த மாதிரி. அப்படிப் பார்த்தவங்க அப்புறம் அறைக்குள்ள போனப்போ பக்கத்துலயே உட்கார்ந்தாங்க. பார்க்காதவங்கதான் தள்ளி உட்கார்ந்தாங்க. பார்த்து முடிச்சா ஆவல் தீர்ந்துடுது, தீர்ந்தா எதிர்ல இருக்கிறது வெறும் மனுஷன்தான். நம்ம பந்தியில அந்தப் பொடிசை ரெண்டு நிமிஷம் பார்க்க விட்டிருந்தா அதுவே போரடிச்சு ஜாங்கிரி பக்கம் திரும்பியிருக்கும்.

சரி, பார்க்க விடாம, பேச விடாம வளர்த்தா பத்து வயசுல என்ன ஆகும்? 1961-ல ரிச்சர்ட்சன்ங்கிற ஆய்வாளரோட குழுவினர் அமெரிக்காவுல பத்து, பதினோரு வயசுப் பிள்ளைகள்கிட்ட ஆறு படம் கொடுத்தாங்க. ஒரு பிள்ளைக்கு உடம்புல எந்தக் குறையும் இல்லை. ஒண்ணு ஊன்றுகோலோட, ஒண்ணு சக்கர நாற்காலியில, ஒண்ணுக்கு ஒரு கை இல்லை, ஒண்ணுக்கு முகத்துல வித்தியாசம், ஒண்ணு குண்டு. யாரை ரொம்பப் பிடிக்கும், அடுத்தது யார்னு வரிசையா எடுத்துக் கொடுக்கச் சொன்னாங்க. எந்த இனம், எந்த ஊர், எந்த வசதின்னு பார்த்தாலும் வரிசை கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வந்துச்சு. கடைசி இடம் குண்டுப் பிள்ளைக்கு. இதுல நெஞ்சைத் தைக்கிற விஷயம், உடம்புல குறையுள்ள பிள்ளைகளும் அதே வரிசையைத்தான் அடுக்கினாங்க. தங்களையே கீழ வெச்சுக்கிட்டாங்க. யாரும் இதுக்குன்னு பாடம் எடுத்திருக்க மாட்டாங்க. 2003-ல இதே சோதனையைத் திரும்பச் செஞ்சு பார்த்தப்போ குண்டுப் பிள்ளை மேல இருந்த வெறுப்பு குறையவே இல்லை, கூடியிருந்துச்சு. அந்த நாப்பது வருஷத்துல சம உரிமை பத்தி எவ்வளவோ பேசியாச்சு, சட்டம் எவ்வளவோ வந்தாச்சு. பத்து வயசு மனசுக்குள்ள இருக்கிற வரிசைக்கு அதெல்லாம் போய்ச் சேரலை. (மூணு நாலு வயசுலயே இது லேசா முளை விடும், நான் குழந்தைங்க எல்லாம் தேவதைங்கன்னு சொல்லலை. முளையில கவனிக்கலாம்னுதான் சொல்றேன்.)

நம்ம ஊர்ல இன்னொரு விசித்திரம் இருக்கு. முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி எந்த வகுப்பை எடுத்தாலும் போலியோவால கால் சூம்பிப் போன ஒரு பிள்ளையாவது இருக்கும். கூடப் படிச்சவங்களுக்கு அந்தக் காலு பழகியிருக்கும் (கிண்டலும் கூடவே இருந்துச்சு, மறுக்கலை). இந்தியாவுல இயற்கைப் போலியோ வைரஸால பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 2011 ஜனவரியில, மேற்கு வங்கத்துல. 2014 மார்ச்சுல நாடே போலியோ இல்லாத நாடுன்னு சான்று வாங்கிட்டோம். சொட்டு மருந்துக்காக வீடு வீடா அலைஞ்ச அக்காக்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனா இப்ப வளர்ற பிள்ளைங்க கண்ணுல காலிப்பர் மாட்டின கால் தினமும் படறதில்லை. மிச்சம் உள்ள வித்தியாசங்கள் தனிப் பள்ளியில, இல்லைனா வீட்டுக்குள்ள. எப்பவாவது ஒரு தடவை பார்க்கிறதாலயே கேள்வி சத்தமா வருது. அந்த ஒரு தடவையையும் நாம "ஷ்ஷ்" போட்டு வீணாக்கினா எப்படி?

"சரி, கேட்டா என்னன்னு சொல்றது?" நியாயமான கேள்வி. நிறைய அப்பா அம்மா வாயைப் பொத்துறது அவங்களுக்கே பதில் தெரியாததாலதான். பதில் தெரியாத இடத்துல பாட்டி சொன்னது வந்து உட்கார்ந்துக்கும். உதடு பிளந்து பிறந்த குழந்தையைப் பார்த்தா, "கிரகணத்தன்னைக்கு அவங்கம்மா வெளியில வந்திருப்பா." வெண்புள்ளி இருந்தா, "மீன் சாப்பிட்டுப் பால் குடிச்சிருப்பாங்க." கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கரு உருவான நாலாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள மேலுதட்டோட ரெண்டு பக்கமும் வந்து ஒட்டணும். பல காரணத்தால சில சமயம் ஒட்டறதில்லை. நிறையப் பேருக்குத் தான் கர்ப்பமா இருக்கிறதே தெரியாத நாட்கள் அது. அதுக்குப் போய் அந்தத் தாயைக் குத்தம் சொல்றோம். குழந்தைக்கு இதுல முக்கால்வாசி தேவையே இல்லை. "வயித்துல இருக்கும்போது உதடு ரெண்டு பக்கமும் சேரலை. டாக்டர் தையல் போட்டுச் சேர்த்து விடுவாங்க." முடிஞ்சுது. குழந்தைக்குத் தையல் புரியும், அது கிழிஞ்ச சட்டையை அம்மா தைக்கிறதைப் பார்த்திருக்கு.

வெண்புள்ளிக்கு இன்னும் சுருக்கம். "தோலுக்கு நிறம் கொடுக்கிற செல் அந்த இடத்துல மட்டும் இல்லை. வலிக்காது. தொட்டா ஒட்டாது." அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையைக் கட்டாயம் சொல்லணும், குழந்தைக்கு மட்டுமில்லை. டவுன் பஸ்ல கைநிறைய வெண்புள்ளி இருக்கிற ஒரு அம்மா பக்கத்துல மட்டும் இடம் காலியா கிடக்கும், கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு வர்றவங்க எல்லாம் படிச்சவங்களா இருப்பாங்க. அதைப் பிள்ளைங்க பார்த்துக்கிட்டுத்தான் வருது. நீங்க போய் உட்கார்ந்தா அது ஒரு பாடம், உட்காராட்டி அதுவும் ஒரு பாடம்.

விரல் விஷயத்துக்கு வர்றேன். மெஷின்ல மாட்டியிருக்கலாம், பட்டாசு வெடிச்சிருக்கலாம், தொழுநோயா இருந்து எப்பவோ குணமாகியிருக்கலாம். தொழுநோய்ல விரல் அழுகி விழுந்துடும்னு உலகமே நம்பிக்கிட்டிருந்தப்போ, அது அப்படியில்லைன்னு காட்டினவர்கள்ல முக்கியமானவர் பால் பிராண்ட். கொல்லிமலையில பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யில அறுவை மருத்துவரா இருந்தவர். நோய் நரம்பைத்தான் கெடுக்குது, வலி தெரியாம போயிடுது, வலி தெரியாததால சுடு பாத்திரத்தைத் தூக்கினாலும், ஆணி குத்தினாலும், ராத்திரித் தூக்கத்துல எலியே கடிச்சாலும் தெரியறதில்லை, அப்படி அப்படியே காயம்பட்டுத்தான் விரல் போகுதுன்னு அவர் கண்டுபிடிச்சார். இதைப் பத்து வயசுப் பையனுக்குச் சொல்லிப் பாருங்க. வலின்னு ஒண்ணு நம்மளைக் காப்பாத்துதுங்கிறதை அவன் அன்னைக்குத்தான் யோசிப்பான். மருந்து சாப்பிட்டுக் குணமானவங்ககிட்ட இருந்து நோய் பரவாது, ஆனா போன விரல் வளராதுங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. பயம் போன இடத்துல ஆவல் வரும், ஆவல் தீர்ந்த இடத்துல சகஜம் வரும். நாலு வயசுக்கு இவ்வளவு வேண்டாம். "அடிபட்டுப் போயிருக்கும்டா கண்ணா. இப்ப வலிக்காது. மூணு விரல்ல எவ்வளவு அழகா சாப்பிடறார் பாரு!" போதும்.

நேரா பதில் சொல்லாத இடத்துல என்ன வந்து உட்காரும்னு 2024-ல சென்னையே பார்த்துச்சு. அரசுப் பள்ளி மேடையில ஒரு ஆன்மிகப் பேச்சாளர், போன பிறவியில செஞ்ச பாவத்தாலதான் இந்தப் பிறவியில கை கால் இல்லாம, கண்ணு இல்லாம பிறக்கிறாங்கன்னு பிள்ளைகளுக்கு எதிர்லயே பேசினார். எழுந்து நின்னு தட்டிக் கேட்டவர் பார்வை இல்லாத ஒரு ஆசிரியர். வீடியோ பரவி, புகார் போய், பேச்சாளரைக் கைது பண்ணாங்க. அந்த ஆள் மேல கோவப்படறது சுலபம். என்னை உறுத்துறது, அவர் சொன்னது எதுவும் புதுசில்லைங்கிறதுதான். "என்ன பாவம் பண்ணுச்சோ"ங்கிற வசனத்தை நம்ம வீட்டுத் திண்ணையில கேட்டுக்கிட்டேதான் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போகுது. மேடையில சொன்னா கைது, திண்ணையில சொன்னா உச்சுக் கொட்டல்.

இப்ப ஆட்சேபணைகள். இருக்கிறதுலயே கனமானது இது: "உன் பிள்ளை பாடம் படிக்க, அந்த மனுஷன் என்ன காட்சிப் பொருளா? நிம்மதியா சாப்பிட வந்தவர் எதுக்கு உன் வாண்டுக்கு விளக்கம் சொல்லணும்?" ரொம்ப ரொம்பச் சரி. வாழ்நாள் முழுக்க ஒரே கேள்விக்கு முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் பதில் சொல்றவங்க அலுப்பு நமக்குத் தெரியாது. அதனாலதான் பதில் சொல்ற வேலை நம்மளதுன்னு சொல்றேன். அவரைக் கூப்பிட்டு "தாத்தாகிட்டயே கேளு"ன்னு அனுப்புறது அராஜகம். கேள்வி நம்மகிட்ட வந்துச்சு, நாமதான் சொல்லணும். அவர் காதுல விழுந்துடுச்சா? கேள்வி எந்தச் சத்தத்துல வந்துச்சோ அதே சத்தத்துல, சாதாரணமா பதில் சொல்லுங்க. குசுகுசுன்னா அவருக்கு அது இன்னொரு குத்தல். அவர் நிமிர்ந்து பார்த்தா சிரிச்சு ஒரு வணக்கம் வைங்க. அவரே கூப்பிட்டுக் கதை சொன்னா பிள்ளைக்கு அதிர்ஷ்டம், சொல்லாட்டி அது அவர் இஷ்டம். பார்க்கிறதுக்கும் முறைக்கிறதுக்கும், கேட்கிறதுக்கும் நோண்டுறதுக்கும் எல்லை எங்கேன்னு பிள்ளைக்கு இப்படித்தான் பிடிபடும். பார்க்கவே விடாத பிள்ளைக்கு அந்த எல்லை எங்க இருந்து தெரியும்? அதுதான் நாளைக்கு செல்ஃபோன்ல திருட்டுத்தனமா படம் எடுத்து நண்பர்கள் குரூப்புல போடும்.

அடுத்து, "பாவம்னு இரக்கப்படறது நல்ல குணம்தானே?" இரக்கத்தை நான் குறை சொல்லலை. ஆனா இரக்கத்துக்கு எப்பவும் மேல ஒருத்தர், கீழ ஒருத்தர் வேணும். பரிவை வளர்க்கிறோம்னு பல பள்ளிக்கூடங்கள்ல ஒண்ணு செய்வாங்க, பிள்ளைங்க கண்ணைத் துணியால கட்டிவிட்டு நடக்கச் சொல்றது, சக்கர நாற்காலியில உட்கார வெச்சுத் தள்ளுறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. 2017-ல மிஷெல் நாரியோ-ரெட்மண்ட்ங்கிற உளவியலாளரோட குழு இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. அப்படி நடிச்சுப் பார்த்தவங்களுக்குப் பாசம் கொஞ்சம் கூடுச்சு, அதோட பயமும் குழப்பமும் கையாலாகாத உணர்வும் சேர்ந்து கூடுச்சு. மாற்றுத்திறனாளிகளோட பழகுற விஷயத்துல மனப்பான்மை ஒண்ணும் முன்னேறலை. யோசிச்சா காரணம் எளிசு. கண்ணைக் கட்டின முதல் பத்து நிமிஷத்துல தெரியறது பார்வையை இழந்த அதிர்ச்சி மட்டும்தான். இருபது வருஷமா வெள்ளைக் குச்சியோட எலெக்ட்ரிக் ட்ரெயின் மாறி ஆபீஸ் போறவரோட சாமர்த்தியம் அதுல எங்க தெரியும்? கண்ணைக் கட்டி விடற நேரத்துக்கு, அவரையே கூப்பிட்டுக் கணக்கோ கவிதையோ எடுக்கச் சொல்லலாம்.

இதுக்கு மறுபக்கம் ஒண்ணு இருக்கு, அதுலயும் எனக்கு உடன்பாடில்லை. குறையுள்ளவங்களைப் பத்திப் பேச்செடுத்தாலே உடனே சாதனைக் கதை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்ல தங்கம், டோக்கியோவுல வெள்ளி, 2024 பாரீஸ்ல வெண்கலம். அதே பாரீஸ்ல உயரம் குறைஞ்சவங்களுக்கான பாட்மின்டன்ல ஓசூர் நித்யஸ்ரீ வெண்கலம். கைதட்டணும், விசில் அடிக்கணும், சந்தேகமே இல்லை. ஆனா பிள்ளைக்கு நாம காட்டுற ஒரே உதாரணம் பதக்கம் வாங்கினவங்கன்னா, பதக்கம் வாங்காம ரேஷன் கடையில வரிசையில நிக்கிறவரை எந்தக் கணக்குல சேர்க்கும்? ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டெல்லா யங் இதைத்தான் கேலி பண்ணுவாங்க, காலையில எழுந்து நடமாடுறதுக்கெல்லாம் எங்களைப் பாராட்டாதீங்கன்னு. எலும்பு பலவீனத்தோட பிறந்து சக்கர நாற்காலியில வாழ்ந்தவங்க அவங்க. சாதாரணமா, சோம்பேறியா, கோவக்காரரா, கிரிக்கெட் பைத்தியமா இருக்கிற உரிமை குறையுள்ளவங்களுக்கும் உண்டு. பிள்ளைங்க அப்படிப்பட்டவங்களையும் பார்க்கணும்.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஆட்சேபணை. "நாங்கள்லாம் பட்டப்பேர் வாங்காமலா வளர்ந்தோம்? சோடாபுட்டி, தெத்துப்பல்லு, நெட்டைக்கொக்கு, கருவாயன். என்ன கெட்டுப் போயிட்டோம்? விளையாட்டுக்குத்தானே!" விளையாட்டுங்கிறதைக் கம்பர்கிட்டக் கேட்கலாம். சின்ன வயசு ராமன், வில்லுல மண்ணுருண்டை வெச்சுக் கூனி மந்தரை முதுகுல அடிச்சு விளையாடினதா கம்பராமாயணத்துல வருது. ஆழ்வார் பாசுரத்துலயும் இந்த உண்டைவில் இருக்கு. வால்மீகியில இது இல்லை. நம்ம ஆளுங்கதான் சேர்த்தாங்க. முடிசூட்டுக்கு அயோத்தி ஜோடனை பண்ணிக்கிட்டிருக்கும்போது மந்தரை மனசுல வந்து நிக்கிறது அந்தப் பழைய மண்ணுருண்டைதான்னு கம்பர் சொல்றார். பதினாலு வருஷக் காட்டுவாசம், ஒரு போர், எல்லாத்துக்கும் முன்னால ஒரு சின்னப் பையனோட விளையாட்டு. அடிச்சவனுக்கு அது நினைவு இருந்துச்சோ இல்லையோ, அடிபட்டவளுக்கு அத்தனை வருஷம் கழிச்சும் வலிச்சுது. தெய்வமாவே பாடற ராமன் மேல இந்தச் சம்பவத்தை மறைக்காம வெச்ச கம்பரை நினைச்சா எனக்கு மலைப்பா இருக்கு. "என்ன கெட்டுப் போயிட்டோம்"னு கேட்கிறவர் பெரும்பாலும் பட்டப்பேர் வெச்சவர்தான், வாங்கினவரைக் கேட்டா வேற பதில் வரும்.

"அப்போ காமெடியே கூடாதா? கவுண்டமணி-செந்திலை என்ன பண்றது?" இதுக்கு உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில ஒரு அளவுகோல் கொடுத்துச்சு. ஒரு இந்திப் படத்தை எதிர்த்து வந்த வழக்குல, குறையுள்ளவங்களை மட்டம் தட்டுற நகைச்சுவை வேற, அவங்க வாழ்க்கையைப் புரிய வைக்கிற நகைச்சுவை வேறன்னு பிரிச்சுச் சொன்னாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல, பொது இடத்துல வேணும்னே அவமானப்படுத்தினா ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் சிறைன்னே இருக்கு. சட்டத்தை விடுங்க, என் கவலை வேற. ஒரு ஆளோட உருவம்தான் ஜோக்குன்னா, ஜோக் எழுதுறவருக்கு வேலை மிச்சம். கவுண்டமணி மாதிரி ஒரு கலைஞனுக்கு உருவக்கேலி தேவையே இல்லை, அவரோட அரசியல் நக்கல்கள் இன்னைக்கும் நிக்குது. பிள்ளைங்களோட உட்கார்ந்து பார்க்கும்போது டிவியை அணைக்க வேண்டாம். "இவர் திட்டுறது செந்தில் செஞ்ச தப்பையா, மூஞ்சியையா?"ன்னு ஒரு கேள்வி போட்டா போதும். பிள்ளைங்க டக்குனு பிரிச்சுச் சொல்லிடும்.

சிரிப்பை விட மோசம் வில்லன் தழும்பு. கன்னத்துல ஒரு வெட்டு, ஒரு கண்ணுல பூ விழுந்திருந்தா அவன் கெட்டவன்னு படம் ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே பிள்ளைக்குத் தெரிஞ்சுடும். 2015-ல வந்த ஷங்கரோட 'ஐ'யில இன்னொரு படி மேல போய், கெட்டவங்களுக்கு விதிக்கிற தண்டனையே உருவம் சிதைஞ்சு போறதுதான். ஆசிட் வீச்சுல தப்பிச்ச ஒருத்தர் தியேட்டர்ல உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தா என்ன நினைச்சிருப்பார்னு எழுதினவங்க யோசிச்ச மாதிரி தெரியலை. பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2018-ல, தழும்பை வில்லத்தனத்துக்கு அடையாளமா காட்டுற படங்களுக்கு இனி பணம் தர மாட்டோம்னு அறிவிச்சுச்சு. முகத்துல வித்தியாசம் உள்ளவங்களுக்காக வேலை செய்யற 'சேஞ்சிங் ஃபேசஸ்' அமைப்போட பிரசாரத்துக்கு ஆதரவா எடுத்த முடிவு அது. நம்ம ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவுல ராட்சசனுக்கு மை வெச்சுத் தழும்பு வரையற டீச்சருக்கு இதெல்லாம் எட்ட நாளாகும்.

இவ்வளவு சொன்னாலும், பேச்சு மட்டும் போதாதுங்கிறதை ஒத்துக்கணும். பழகணும். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லயே சொன்னார், வெறுமனே பக்கத்துல இருந்தா போதாது, சமமா நின்னு ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து வேலை செய்யணும்னு. 2006-ல பெட்டிக்ரூ, ட்ராப்புங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தப்போ, பழக்கம் பொதுவா வெறுப்பைக் குறைக்குதுன்னே வந்துச்சு. நம்ம நாட்டுச் சான்றும் இருக்கு. டெல்லியில வசதியான தனியார் பள்ளிகள்ல ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கணும்னு விதி வந்த பிறகு, கவுதம் ராவ்ங்கிற பொருளாதார ஆய்வாளர் அந்தப் பள்ளிகளை ஆராய்ஞ்சார். ஏழைப் பிள்ளைகளோட படிச்ச வசதியான பிள்ளைங்க அதிகமா கொடுக்கிற மனசோட இருந்தாங்க, தொடர் ஓட்டத்துக்கு அணி சேர்க்கும்போது ஏழைங்கிறதால ஒதுக்குறதும் குறைஞ்சுது. இது காசு விஷயம், உடம்பு விஷயம் இல்லை, தெரியும். ஆனா ஒதுக்குற மனசு வேலை செய்யற விதம் ஒண்ணுதான்னு நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கையும் இருக்கு. சக்கர நாற்காலிப் பிள்ளையை வகுப்புல சேர்த்துட்டு, மத்தவங்களுக்கு அவன் பையைத் தூக்குற டியூட்டி மட்டும் கொடுத்தா அது சமம் இல்லை. அவன் இவங்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கணும், இவங்களோட சண்டை போடணும், தப்பு பண்ணி சேர்ந்து முட்டி போடணும். (முட்டி போட முடியலைனா அவனுக்கு வேற தண்டனை, டீச்சர் கண்டுபிடிக்கட்டும்.)

எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு அலையும்போது ஏ.சி. இருக்கா, நீச்சல் குளம் இருக்கா, ஸ்போக்கன் இங்கிலீஷ் எப்படின்னு ஒரு பட்டியலே வெச்சிருக்கோம். அதோட ரெண்டு கேள்வியைச் சேருங்க. வாசல்ல சாய்தளம் இருக்கா? உடம்புல வித்தியாசம் இருக்கிற பிள்ளைங்க இந்த வகுப்புல யாராவது படிக்கிறாங்களா? உங்க பிள்ளைக்குச் சாய்தளம் தேவைப்படாது, அதனாலதான் நீங்க கேட்கணும். தேவைப்படற பிள்ளையோட அம்மா கேட்டா "வேற ஸ்கூல் பாருங்களேன்"னு சொல்லிடுவாங்க. முழு ஃபீஸ் கட்டப் போறவங்க பத்துப் பேர் வரிசையா கேட்டா, அடுத்த லீவுலயே கொத்தனார் வருவார்.